அந்த முகம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தது

ஹட்டன் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற இளைஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதன் கூட்டத்தில் பேச என்னை அழைத்தார்கள். ஓய்வு பெற்று டிக்கோயாவில் உட்கார்ந்திருக்கும் படத்தொகுப்பாளரை அழைப்பதில் பெரிய செலவில்லை. பஸ் காசும் ஒரு பொன்னாடையும் போதும். பேச்சுக்கு முன்னால் ஒரு தம்பி தன் மடிக்கணினியில் புதிய மென்பொருள் ஒன்றைக் காட்டினார். யாராவது பேசிய காட்சியைக் கொடுத்தால், இருமல், தயக்கம், மௌனம் எல்லாவற்றையும் அதுவே வெட்டி எறிகிறது. வெட்டிய இடத்தில் படம் துள்ளாமல் இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஒருவருடைய முகத்தையும் அதுவே தேடி எடுத்து ஒட்டுகிறது.

"இனி எங்களுக்கு என்ன வேலைங்க சேர்?" என்றார் தம்பி. அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒட்டிய முகம் யாருடையது என்று கேட்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவாம். அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. மென்பொருளுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அன்று மேடையில் நான் பேசியது பொன்னாடைக்கு ஏற்ற பேச்சு. பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிளாக்கர். என்னையும் ஒரு கிளாக்கராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். கொழும்பில் அரசாங்கப் படப்பிரிவு ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, அதுவும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். முதல் சில வருடங்கள் நான் செய்தது இவ்வளவுதான்: வெட்டிய பிலிம் துண்டுகளைக் கொக்கிகளில் மாட்டினேன், கேட்ட துண்டைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தேன், தவறான துண்டை எடுத்தால் ஏச்சு வாங்கினேன். இதற்குப் பயிற்சி என்று பெயர்.

எங்கள் தலைமைத் தொகுப்பாளர் குணதிலக்க சேர். அவர் ஏசமாட்டார், அதுதான் பயம். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுத்தான் பிலிமைத் தொடுவார். நாங்கள் வெட்டியதைப் பார்க்கும்போது ஏதாவது பிடிக்காவிட்டால், கையுறையின் ஒரு விரலை மெதுவாக இழுத்து விடுவார். அடுத்த பிழைக்கு அடுத்த விரல். கையுறை முழுதாகக் கழன்று மேசைக்கு வந்துவிட்டால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிங்களத்தில் மிகக் குறைவாகப் பேசுவார். அதில் பாதி நன்றி, மீதி கேள்வி.

அவருடைய நடைமுறை இப்படி. எடுத்து வந்த படம் எவ்வளவு நீளமாக இருந்தாலும், முதல் தடவை அதை அதனதன் ஒலியோடு முழுதாக ஓட்ட வேண்டும். அப்போது யாரும் பென்சில் பிடிக்கக் கூடாது. அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்த உதவியாளர்கள் யாரும் அங்கே நீடிக்கவில்லை. இரண்டாம் தடவைதான் கண்ணைத் திறந்து பார்ப்பார். அப்போது ஒவ்வொரு தனி முகம் வரும்போதும் ஒரே கேள்வி: "இந்த முகம் எதைக் கேட்கிறது?"

தொழில் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஒருவருடைய நீண்ட பேச்சைச் சுருக்கினால், வெட்டிய இடத்தில் அவர் தலை ஒரு துள்ளுத் துள்ளும். அதை மறைக்க, கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவர் முகத்தை ஒரு கணம் காட்டுவோம். கட் அவே என்பது அதன் பெயர். பார்க்கிறவர்கள், அந்த முகம் அந்தப் பேச்சைத்தான் கேட்கிறது என்று நம்பிவிடுவார்கள். முகம் சிரித்தால் பேச்சு நகைச்சுவை. முகம் சுருங்கினால் பேச்சு பொய். அதனால் அந்த முகம் உண்மையில் எதைக் கேட்டதோ அதற்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்பது சேருடைய சட்டம்.

அமைச்சர்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. எங்கள் அலுமாரியில் கைதட்டல் என்று எழுதிய ஒரு டின் உண்டு. எந்த மாவட்டத்தில் எந்த அமைச்சர் எந்தப் பாலத்தைத் திறந்தாலும், அந்த டின்னிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டுவோம். அதில் கோடுபோட்ட சட்டை அணிந்த ஒருவர் மிகவும் மனப்பூர்வமாகக் கைதட்டுவார். அமைச்சர்களுக்குக் கைதட்டுகிறவர்களை யாரும் நம்புவதில்லை என்பதால் பாதகமில்லை என்று சேர் சொன்னார். ஒருநாள் அந்தக் கோட்டுச் சட்டைக்காரரே காரியாலயத்துக்கு வந்துவிட்டார். அவர் எதிர்க்கட்சிக்காரராம். கரப்பந்தாட்டப் போட்டி ஒன்றில் கைதட்டியதை எடுத்து வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா, மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற இடத்தில் கேட்கிறார்கள் என்று அழாத குறையாகச் சொன்னார். சேர் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் டின் காலியாகியிருந்தது. அன்று முதல் அமைச்சர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. அவர்கள் படங்களில் தலை துள்ளியது. எவரும் முறைப்பாடு செய்யவில்லை. தாங்கள் துள்ளுவதாக அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பிறகு வீடியோ நாடா வந்தது, கணினி வந்தது. சேர் ஒரு தனியார் தொலைக்காட்சிக்குத் தொகுப்புப் பிரிவின் தலைவராகப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையுறைக்கு வேலை இல்லாமல் போனது, கேள்விக்கு இருந்தது. புதிதாக வந்த பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்புவரை அவரும் நானும் ஒரே மாடியில் இருந்தோம். நான் சொல்ல வந்த விஷயம் அந்தக் காலத்தில் நடந்தது.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு லயம், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை, மண்சரிவு அபாயத்தில் இருந்தது. அங்கே இருந்த குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றுவதாகத் தோட்ட நிர்வாகம் சொன்னது. ஆனால் காட்டிய இடமும் ஒரு சரிவுதான். மழைக்காலத்தில் அதன் அடியிலிருந்து ஊற்று பீறிடும். ஓர் அபாயத்திலிருந்து இன்னோர் அபாயத்துக்குப் போகமாட்டோம், வேறு நிலம் கொடுங்கள் என்று லயத்துச் சனம் மறுத்தது. அவர்களை ஒன்றாக நிறுத்தி வைத்திருந்தவர் லெட்சுமி என்ற கொழுந்து பறிக்கும் பெண். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் முத்தையாவோ நிர்வாகம் காட்டிய நிலமே போதும் என்ற கட்சி.

இதைப் பற்றி எங்கள் தொலைக்காட்சி ஒரு விவரணப்படம் எடுத்தது. இயக்குநர் நிர்மலன் கொழும்புப் பையன், திறமைசாலி, மூடுபனியைக் கண்டால் கமராவை நிறுத்தமாட்டார். ஒலிப்பதிவு பாரூக். அவர் பூண்டுலோயா பசாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. தொகுப்பு நான். ஒளிபரப்பு ஒரு ஞாயிறு மாலை. மறுநாள் திங்கள் தோட்டக் காரியாலயத்தில் கடைசிப் பேச்சு. அதில் லயத்துச் சனம் ஒரே வாயாக மறுத்தால்தான் நிலம் மாறும். கொஞ்சப் பேர் பிரிந்தாலும் எல்லோரும் அந்த ஊற்றுச் சரிவுக்குத்தான் போக வேண்டும்.

வியாழக்கிழமை விளம்பரத் துண்டு போனது. ப்ரொமோ என்பார்கள். அதை நாங்கள் வெட்டுவதில்லை. வேறு மாடியில் வேறு பிள்ளைகள், நாங்கள் கணினியில் பிரித்து வைத்த காட்சிகளிலிருந்து தங்களுக்குப் பிடித்ததை எடுத்து, இடிமுழக்கம் மாதிரி ஓர் இசையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். வெள்ளி காலை பாரூக் ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தார். விடுமுறையில் போயிருந்தார். குரலே சரியில்லை. ப்ரொமோவைப் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன்.

தலைவர் முத்தையா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, "சனங்க எல்லாம் சம்மதிச்சிட்டாங்க" என்கிறார். உடனே லெட்சுமியின் முகம், மிக அருகில். அவர் நிதானமாகத் தலையாட்டுகிறார். பிறகு இடிமுழக்கம், படத்தின் பெயர், ஞாயிறு மாலை காணத் தவறாதீர்கள்.

அந்தத் தலையாட்டல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதே பெரட்டுக்களத்தில் லயத்துச் சனத்தின் கூட்டம் ஒன்று தொடங்குமுன் எடுத்த காட்சி அது. கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கூடை மைக்கில் உரசியதால், பாரூக் அதை நகர்த்தவா என்று கேட்டார். லெட்சுமி சரி என்று தலையை ஆட்டினார். இவ்வளவுதான். முழுப் படத்தில் அது உரிய இடத்திலேயே இருந்தது. ஆனால் நிர்மலன் அதன் ஒலியை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்திருந்தார். ஒலி இல்லாத காட்சி தெருநாய் மாதிரி. யார் கூப்பிட்டாலும் போகும்.

பாரூக் தொலைபேசியைப் பக்கத்தில் நின்ற லெட்சுமியிடம் கொடுத்தார்.

"நீங்கதானே படத்த வெட்டி ஒட்டுறவங்க?"

ஆமாங்க என்றேன்.

"நான் தலைவருக்குத் தலையாட்டலைங்க. இந்தத் தம்பி கூடைய நகத்தவான்னு கேட்டிச்சு, சரின்னு ஆட்டினேன். அத எடுத்து எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

பிழை நடந்துவிட்டது, இன்றைக்கே அந்தத் துண்டை நிறுத்திவிடுவோம் என்றேன்.

"நீங்க நிறுத்துவீங்க. போன்ல இருக்கிறத யாரு நிறுத்துறது? கடைசித் தொங்க லயத்துல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருச்சு." பிறகு சொன்னார்: "தண்ணிப் பீலியில என் கொடத்த வச்சா, மத்த கொடத்த எல்லாம் எடுத்துக்கிட்டுப் போறாங்க. எவ்வளவு காசு வாங்குனேன்னு கேட்டாலாவது பதில் சொல்லலாம். கேக்கவே மாட்டேங்கிறாங்கண்ணே."

மற்றத் தொழில்களில் பிழையை அழிக்கலாம். தொகுப்பில் அது முடியாது. பார்த்த கண்ணிலிருந்து ஒரு படத்தை வெட்டி எடுக்க எந்த இயந்திரமும் இல்லை. ஒரேயொரு வழிதான் உண்டு: அதே காட்சியை வெட்டாமல், அதன் சொந்த ஒலியோடு, அதே கண்களுக்கு மறுபடி காட்டுவது.

சேருடைய அறையில் நான், நிர்மலன். ப்ரொமோவை நிறுத்த சேர் ஒரே தொலைபேசியில் ஏற்பாடு செய்தார். பிறகு எனக்கு வேண்டியதைச் சொன்னேன்: ஞாயிறு படத்தில் புல்லாங்குழலை எடுத்துவிட்டு, அந்தக் காட்சியை முழுதாக, பாரூக்கின் கேள்வியோடு விட வேண்டும். நிர்மலன் பதறிப்போனார். படப்பிடிப்புக் குழுவின் குரல் படத்தில் கேட்பது முதலாம் வகுப்புப் பிழை, அந்தக் காட்சியில் போக்கஸ் வேறு தடுமாறுகிறது, படத்தின் ஓட்டமே செத்துவிடும், அதோடு படம் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது என்றார். கடைசியாகச் சொன்னதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அங்கீகாரத்துக்குப் பிறகு ஒரு காட்சியை மாற்றக் குழு கூட வேண்டும். குழு செவ்வாய்க்கிழமைகளில்தான் கூடும். திங்கள் பேச்சு முடிந்த பிறகு.

சேர் காட்சியை ஓட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். பாரூக்கின் குரல் கேட்டது. கூடை உராய்ந்து நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்காமலே நிர்மலனிடம் தன் கேள்வியைக் கேட்டார்.



"இதற்கு ஒலி இருக்கிறது. படத்தில் இல்லை," என்றார் சேர். "ஒலி விடுபட்டால் அது என்ன பிழை?"

தொழில்நுட்பப் பிழை என்றேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தொழில்நுட்பப் பிழையைத் திருத்தக் குழு வேண்டியதில்லை. படத்தின் மொத்த நீளம் மாறாதிருந்தால், பிரிவுத் தலைவர் ஒருவரின் கையெழுத்தே போதும். நடைமுறைகளை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்களைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். காட்சி முழுதாக வர இன்னும் சில நொடிகள் தேவைப்பட்டன. அவற்றை எங்கிருந்து எடுப்பது என்று சேர் கேட்டார். பெரட்டுக்களக் காட்சிக்கு முன்னால் மூடுபனி நிறைய இருக்கிறது என்றேன். நிர்மலன் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அவர் பெற்ற பிள்ளையைக் கேட்டதுபோல இருந்தது. ஆனால் வெட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் வெட்டினால் பனி வலிக்காமல் விலகும் என்று அவர்தான் காட்டினார். அதையும் சொல்ல வேண்டும்.

பாரூக்கிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன், குரல் அவருடையது. "இத்தன வருஷமா அடுத்தவங்க கொரலப் புடிச்சுக் குடுத்தேன். என் கொரலு போறது கூடை தள்ளுறதுக்குத்தானா?" என்றார். பிறகு, "போடுங்க நானா, போடுங்க" என்றார். அவர்கள் வீட்டுப் பேச்சில் நானா என்றால் அண்ணன்.

திருத்திய கோப்பு சனி பிற்பகல் ஒளிபரப்புப் பிரிவுக்குப் போனது. அங்கே பழைய கோப்பும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர். கடைசி எழுத்து மட்டும் வேறு. பழையதை அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். ஓகே ஓகே என்றார்கள். மறுபடி கேட்டேன். ஓகே என்றார்கள். அந்த ஓகேயைச் சுமந்துகொண்டு ஞாயிறு காலை தலவாக்கலை வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். தொகுப்பாளர்கள் தங்கள் படத்தைப் பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. அன்று எனக்குக் கொழும்பில் இருப்புக்கொள்ளவில்லை.

லெட்சுமியின் வீடு லயத்தில் நடுக்காம்பரா, ஒற்றை அறை. வாசலில் மழை. உள்ளே அவரும் அவர் கணவரும், நானும் பாரூக்கும். அக்கம்பக்கத்தார் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. எல்லோர் வீட்டிலும் டிவி இருக்கிறது. எந்த வீட்டில் எது ஓடுகிறதோ யாருக்குத் தெரியும்? யாரும் பார்க்காவிட்டால் நான் சரியான கோப்பை அனுப்பியும் பயனில்லை. கரண்ட் இரண்டு தடவை மங்கி மங்கி வந்தது. லெட்சுமி எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

படம் தொடங்கியது. மலை வந்தது, தொழிற்சாலை வந்தது, மூடுபனி வந்தது. பழைய கோப்பாக இருந்தால் இந்தப் பனி இலேசில் முடியாது. பனி மிதந்தது. மரங்களை மூடியது. சட்டென்று விலகிப் பெரட்டுக்களம் தெரிந்தது. திருத்திய கோப்புத்தான். அறையில் இருந்த வேறு யாருக்கும் அந்தக் கணத்தில் எதுவும் நடந்ததாகத் தெரியாது.

லெட்சுமியின் முகம் வந்தது. புல்லாங்குழல் இல்லை. பெண்களின் பேச்சரவம், தூரத்தில் ஒரு லொறி, பிறகு பாரூக்கின் குரல்: "அக்கா, கூடைய அந்தப் பக்கம் வச்சிரவா? மைக்குல ஒரசுது." அவர் தலையாட்டினார். ஒரு கை நீண்டு வந்து கூடையைத் தள்ளியது.

அப்போது நான் எதிர்பாராத ஒன்று கேட்டது. அதே குரல், ஓர் இழை தாமதமாக, இடப்பக்கத்துச் சுவருக்கு அப்பாலிருந்து. பிறகு வலப்பக்கத்திலிருந்து. பிறகு இன்னும் தள்ளி. ஒவ்வொரு வீட்டு டிஷ்ஷுக்கும் ஒவ்வொரு தாமதம். அக்கா கூடைய, அக்கா கூடைய என்று பாரூக்கின் குரல் லயம் முழுக்க வீடு வீடாக ஓடியது. வாழ்நாள் முழுக்க ஒலியையும் படத்தையும் ஒரு மயிரிழை பிசகாமல் சேர்த்து வைத்தவன் நான். அவ்வளவு கோணலாக விழுந்த ஒலியை அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துக் காம்பராவில் ஒரு கிழவர் சிரித்தார். ஒரு பெண் குரல் சொன்னது: "அட, கூடைக்குத்தானே ஆட்டியிருக்கா."

லெட்சுமி திரும்பவில்லை. படம் முடியும்வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காரியாலயத்துப் பேச்சுக்கு வெளியாட்களுக்கு அனுமதியில்லை. பாரூக்கும் நானும் ரோட்டோரத்தில் நின்றோம். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் யாரும் வெளியே வரவில்லை. வந்தபோது ஒன்றாக வந்தார்கள். ஒருவரும் பிரியவில்லை. அந்தச் சரிவைக் கைவிடுவதாகவும் வேறு நிலம் பார்ப்பதாகவும் தோட்டத்து மனேஜர் துரை சொல்லியிருந்தார். நிலம் பார்க்க இரண்டு வருடம் ஆனது, ஆனாலும் பார்த்தார்கள். கொழும்பில் தொலைக்காட்சி மேலிடத்திலிருந்து சேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒலி விடுபட்டிருந்தது, சேர்க்கப்பட்டது என்று ஒரு வரியில் பதில் எழுதினார். அதற்கு மேல் எவராலும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

அன்று பஸ்ஸுக்கு நிற்கையில் லெட்சுமி வழியனுப்ப வந்தார். எல்லோரும் நம்பிவிட்டார்களா என்று கேட்டேன்.

"பாதிப் பேரு நம்பிட்டாங்க. மீதிப் பேரு நம்பினாப்புல இருக்காங்க. பீலியில கொடம் நகரல. அது போதும்."

பஸ் இந்தப் பக்கம் நிற்குமா என்று கேட்டேன். "நிக்குங்க" என்றார். இனிச் சிரமம் இருக்காதே என்றேன். "இருக்காதுங்க" என்றார். பாரூக் ஏதோ கேலியாகச் சொன்னதற்கு, "ஆமா தம்பி, சரி தம்பி" என்றார். பஸ் வந்து நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், இவ்வளவு நேரமும் அவர் ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. போய் வருகிறேன் என்று ஜன்னலால் தலையசைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் கூடைக்கயிறு மாட்டியிருப்பவர்போல் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் சொன்னார்: "போயிட்டு வாங்க."